தௌ, யூ: ஷேக்ஸ்பியர் காலத்து 'நீ'யும் 'நீங்க'ளும்

'தௌ' (thou) என்றாலே ஏதோ மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. அன்றைய ஆங்கிலத்தில் 'தௌ' என்பது நம் 'நீ'. 'யூ' பன்மைக்கும் வரும், ஒருவரை மரியாதையாக அழைக்கவும் வரும்.

'ஹாம்லெட்' நாடகத்தில் அரசியின் அறைக் காட்சியைப் பாருங்கள். தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று மகனிடம் 'தௌ' போட்டுத் தொடங்குகிறாள் தாய். அவன் அதே வாக்கியத்தை 'யூ' போட்டுத் திருப்பிவிடுகிறான். அடுத்த வரியில் அவளும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். மூன்றே வரியில் தாய்க்கும் மகனுக்கும் நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

'தௌ' காட்டுவது பாசம் மட்டுமா? அது அடிக்கவும் செய்யும். 1603இல் ஆங்கிலேயக் கடற்பயணி வால்டர் ராலே மீதான தேசத்துரோக விசாரணையில், அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று அழைத்து அவமதித்தார்.

அப்புறம் பொதுப்பேச்சில் 'யூ' வென்றது. 1611இல் வந்த பைபிளிலும் ஜெபங்களிலும் 'தௌ' தங்கிவிட்டதால்தான் இன்று அதற்குப் புனித வாசனை. நாடகத்தில் எனக்கு 'தௌ'தான் முக்கியம். ஒரு பாத்திரம் அதற்குத் தாவும் இடத்திலும் அதைக் கைவிடும் இடத்திலும் நிதானித்துப் படியுங்கள்.