பவுலாஸ் சாய்ஸ் 2% பிஎச்ஏ திரவம்: முகச் சொரசொரப்பு எவ்வளவு குறையும்?

கண்ணாடியில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்னல் ஓரமாக நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பினால்தான் நெற்றியிலும் தாடையிலும் ரவை ஒட்டினாற்போலப் பொடிப்பொடியாகத் தெரியும். பவுண்டேஷன் போட்டதும் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். துளைக்குள் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்து, மேலே தோல் மூடியிருக்கும் ஒயிட்ஹெட்கள் இவை. பவுலாஸ் சாய்ஸ் நிறுவனத்தின் ஸ்கின் பெர்ஃபெக்டிங் 2% பிஎச்ஏ திரவத்தின் உண்மையான பலம் இந்த ரகச் சொரசொரப்பில்தான் தெரிகிறது.

காரணம், இதில் உள்ள சாலிசிலிக் அமிலம் (பிஎச்ஏ என்பது இதுதான்) எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் இறங்கி, அங்கே ஒட்டிக்கிடக்கும் இறந்த செல்களைத் தளர்த்துகிறது. முகத்துக்குப் போடும் இன்னொரு அமிலமான கிளைகாலிக் அமிலம் தண்ணீரில் கரைவது. அதன் வேலை பெரும்பாலும் மேல்தோலில்தான். வறண்டு மங்கிய முகத்துக்கு அது நல்லது, அடைத்த துளைக்கு இது நல்லது. அமிலம் எத்தனை சதவீதம் என்பது மட்டும் போதாது, திரவத்தின் பிஎச் அளவும், அதாவது அமிலத்தன்மையும், சரியாக இருக்க வேண்டும். இதில் அது 3.2 முதல் 3.8 வரை என்று நிறுவனம் சொல்கிறது. சாலிசிலிக் அமிலம் ஒழுங்காக வேலை செய்யும் அளவு அது.

சேர்மானப் பட்டியல் சின்னது. வாசனைப் பொருள் இல்லை, தோலை உலர்த்தும் ஆல்கஹாலும் இல்லை. மெத்தில்புரொப்பேன்டையால், பியூட்டிலீன் கிளைக்கால் என்ற இரண்டு கரைப்பான்களும் முன்வரிசையில் இருப்பதால் தடவியதும் வழவழவென்று ஒரு பூச்சு நிற்கும். ஏசி அறையில் அது தெரியாது. சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் பிசுபிசுக்கும். இந்தத் திரவத்தில் பிடிக்காத அம்சம் என்றால் அது ஒன்றுதான்; அதனால் இதை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மென்மையான பேஸ்வாஷால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். அரை மில்லி, அதாவது சுமார் பத்துத் துளி, முகம் முழுவதற்கும் போதும். விரலாலேயே தடவுங்கள்; பஞ்சில் ஊற்றினால் பாதியைப் பஞ்சே குடித்துவிடும். இமை, மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். கழுவ வேண்டாம், மேலே மாய்ஸ்சரைசர் போடலாம். தினமும் ஒன்றிரண்டு முறை என்கிறது லேபிள். தொடக்கத்தில் அது அதிகம். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு இரவு. எரிச்சல் இல்லையென்றால் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. அந்தக் கணக்கில் 30 மில்லிச் சின்ன பாட்டில் அறுபது தடவைக்கு வரும். ஆகவே முதலிலேயே 118 மில்லி பாட்டிலை வாங்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்.

இதனால் முகம் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். முதல் சில வாரங்களில் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே சில பருக்கள் எழலாம். உள்ளே இருந்த அடைப்பு வெளியே வருகிறது. ஆனால் புதிய இடத்தில் தடிப்பு, அரிப்பு, மாய்ஸ்சரைசர் பட்டாலே எரிச்சல் என்றால் தோலின் மேலடுக்கு புண்பட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். மாநிறத் தோலில் இந்த எரிச்சல் கரும்படலமாக மாறி மாதக்கணக்கில் நிற்கலாம். பார்லரில் த்ரெட்டிங், வாக்ஸிங் செய்வதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் அந்த இடத்தில் தடவாதீர்கள். பருவுக்கான அடாபலீன் ஜெல் போடுபவர்கள் இரண்டையும் ஒரே இரவில் சேர்க்க வேண்டாம். வால்நட் ஸ்க்ரப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம்.

பருவால் விழுந்த குழித் தழும்பை இது நிரப்பாது. எந்தத் திரவமும் நிரப்பாது. அது தோல் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். நெற்றியில் ஒரே அளவில் அரிப்போடு வரும் பொரிகள் பூஞ்சையால் வந்தவையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. தலைக்குத் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால், முடியோரச் சொரசொரப்புக்கு முதல் சந்தேகம் அந்த எண்ணெய் மேல்தான். அதை நிறுத்தாமல் பிஎச்ஏ வாங்குவது வீண் செலவு.

இனி மேக்கப். பள்ளத்தை மேக்கப்பால் தற்காலிகமாக நிரப்ப முடியும். மேட்டை இறக்க முடியாது, ஏனென்றால் அதன் நிழல் அங்கேயே இருக்கும். மேடு பிஎச்ஏவுக்கு, பள்ளம் பவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமருக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெனிஃபிட் நிறுவனத்தின் போர்ஃபெஷனல் போன்ற சிலிக்கோன் பிரைமர் மூக்கோரத்துக்கும் கன்னத்துத் துளைகளுக்கும் பட்டாணி அளவு போதும். தேய்க்கக் கூடாது, விரல்நுனியால் அழுத்தி அழுத்தி ஒற்ற வேண்டும். சன்ஸ்கிரீன் போட்டுப் பத்து நிமிடம் காயவிடாமல் பிரைமர் வைத்தால் அழிரப்பர் துகள் போல உருண்டு வரும். மேலே வரும் பவுண்டேஷன் நீர்த்தன்மை மட்டுமே உள்ளதாக இருந்தால் திட்டுத்திட்டாகப் பிரியும். பட்டியலில் டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் உள்ளதாகப் பாருங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரே மெல்லிய பூச்சு. சிவப்போ கருமையோ தெரியும் இடத்தில் மட்டும் கன்சீலர். பவுடர் மூக்கிலும் நெற்றி நடுவிலும் போதும், கன்னம் முழுக்கப் போட்டால் ஒவ்வொரு மேடும் எண்ணித் தெரியும். மினுமினுக்கும் ஹைலைட்டரைச் சொரசொரப்பான இடத்தில் வைக்கவே வேண்டாம்.

இரவில் பேஸ்வாஷ் மட்டும் போட்டால் சிலிக்கோன் முழுதாகப் போகாது. முதலில் கிளென்சிங் பாம் அல்லது கிளென்சிங் ஆயிலை உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்து, தண்ணீர் தொட்டுப் பால் போலக் கரைத்துக் கழுவுங்கள். அதன் பிறகு பேஸ்வாஷ். பிஎச்ஏ துளிகளை எடுப்பது அதற்கும் பிறகுதான். பிரைமர் படிந்த முகத்தில் தடவினால் மருந்து துளைக்குப் போய்ச் சேராது.