சித்தியின் பட்டன் போனும் டிராயின் ஆணையும்

ஊரில் செல்போன் சேவை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கும் டொராண்டோ நண்பர்களுக்காக, கும்பகோணத்தில் கண்டதை எழுதுகிறேன். சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. டொராண்டோவில் நான் கட்டும் மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் விலையும் குறைவுதான். ஆனால் இந்த மலிவு சந்தைப் போட்டியால் மட்டும் வந்ததன்று. நிலையான உரிமக் கட்டணச் சுமையில் திணறிய நிறுவனங்களை, 1999ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கை வருவாயில் பங்கு செலுத்தும் முறைக்கு மாற்றியது. 2003இல் வந்த விதிமுறையால் அழைப்பவரே பணம் கட்டும் நிலை உருவானது. அதுவரை, வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகும் என்று அஞ்சியவர்கள் அதன் பிறகே துணிந்து இணைப்பு வாங்கினார்கள்.

இன்று நிலைமை வேறு. தனியார் நிறுவனங்கள் மூன்றாகச் சுருங்கிவிட்டன. 2024 ஜூலையில் அவை அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. என் சித்தி வைத்திருப்பது பட்டன் போன். இணையத்தைத் தொட்டே பார்க்காத அவர், மாதாமாதம் டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் கட்டி வந்தார். இத்தகையோருக்காகத்தான், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ஒரு பேக்கையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில், இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. இத்தகைய பேக்குகளின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது.

ரீசார்ஜ் கடையில் முதலில் காட்டியவை எல்லாம் டேட்டா பேக்குகளே. "டேட்டா வேண்டாம், பேசினால் போதும்" என்று சொன்ன பிறகே, கடைக்காரத் தம்பி திரையை நெடுநேரம் தள்ளிக்கொண்டே போய், பட்டியலின் அடியிலிருந்து அந்தப் பேக்கை எடுத்துக் கொடுத்தார். அவர்மீது குறையில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். விலையை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களிடமே இருப்பதால், டேட்டா இல்லை என்பதற்காகக் கட்டணம் பெரிதாகக் குறைந்துவிடவும் இல்லை.

இந்த ஆணையை நான் மனதார வரவேற்கிறேன். ஆயினும் அது பாதி வேலைதான். டேட்டா இல்லாத பேக்கைப் பட்டியலின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றும் டிராய் விதிக்க வேண்டும். அதுவரை, பெற்றோருக்கு வெளிநாட்டிலிருந்து ரீசார்ஜ் செய்பவர்கள் பட்டியலைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.