1966 மஸ்டாங்கில் பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர்: இரண்டு கோடை ஓட்டிய பிறகு

பழைய கார்களில் ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் சி.பி. பாயிண்டுக்குப் பதிலாக மாட்டும் எலக்ட்ரானிக் மாட்யூல்தான் இக்னைட்டர். என்னுடையது 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப். அமெரிக்காவில் டியர்பார்ன் ஃபோர்டு ஆலையில் செய்தது. 289 கன அங்குல வி8, இரட்டை பேரல் கார்ப்பரேட்டர், 200 குதிரைத்திறன். இதை மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார்) கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. 1964 பான்டியாக் ஜிடிஓவின் 389 இன்ஜினோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான், சரி. ஆனால் காலையில் ஷெட்டுக்குள் இது உறுமி எழும் சத்தத்துக்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் இல்லை.

விற்றவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். சாவியைக் கொடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் சி.பி. பாயிண்டின் இடைவெளியை 0.017 அங்குலத்துக்கு வைப்பது எப்படி என்று மூன்று முறை செய்து காட்டினார். அப்புறம் இடைவெளி அளக்கும் தன் ஃபீலர் கேஜையே என் கையில் வைத்துவிட்டார். ஐந்து வருடம் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

சிக்கல் வந்தது ஆகஸ்டில், டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில். பழைய கார்கள் அணிவகுக்கும் ட்ரீம் க்ரூஸ் நாளில் அங்கே வண்டி நகராது, ஊரும். ஒரு மணி நேரத்தில் இன்ஜின் சூடேறி, இழுவை குறைந்து, சிக்னலில் நின்றே போனது. திறந்து பார்த்தால் பாயிண்டைத் திறக்க, சுழலும் கேம் மேல் உரசும் ரப்பிங் பிளாக் தேய்ந்து இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்தது. இடைவெளி குறையக் குறைய டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், பின்னுக்குப் போகும்; சூட்டுக்குக் காரணம் அதுதான். அதுவும் அது புதிதாக வாங்கிப் போட்ட பாயிண்ட். பழைய சரக்கின் தரம் இப்போது வருவதில்லை.

அதன் பிறகுதான் இக்னைட்டர் வாங்கினேன். நூறு டாலரைத் தாண்டியது. பாயிண்டையும் அதோடு இருக்கும் கன்டென்சரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறிய மாட்யூல். கேம் மேல் மாட்ட ஒரு காந்த வளையம். வெளியே வருவது சிவப்பு, கறுப்பு என இரண்டே கம்பி. உரசித் தேய எதுவும் இல்லை. காந்தம் கடக்கும்போது மாட்யூலில் உள்ள ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் கருவி) உணர்ந்து, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும், அவ்வளவுதான். பழைய மூடியை மேலே போட்டுவிட்டால் 1966இல் இருந்தபடியே தெரியும். எனக்கு இது ரொம்ப முக்கியம்.

மாட்ட ஒரு மணி நேரம். அப்புறம் கம்பியில் நான் ஒரு தப்பு செய்தேன். சிவப்புக் கம்பியைக் காயிலின் பிளஸ்ஸிலேயே கொடுத்தேன். இந்த வருட மஸ்டாங்கில் சாவி ஸ்விட்ச்சிலிருந்து காயிலுக்கு வரும் இளஞ்சிவப்புக் கம்பி ரெசிஸ்டன்ஸ் கம்பி. 12 வோல்ட் அதைக் கடக்கும்போது குறைந்துவிடும். ஆனால் மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் வேண்டும். விளைவு, சூடானதும் திக்கல். கம்பியை ஸ்விட்ச் பக்கத்திலேயே, ரெசிஸ்டன்ஸுக்கு முன்னால் இணைத்தேன், திக்கல் போய்விட்டது. வாங்குபவர்கள் இதை முதலிலேயே செய்யுங்கள். மாட்டிய பிறகு டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வைத்து டைமிங்கை மறுபடி சரிபார்ப்பதும் கட்டாயம்.

இரண்டு கோடை ஆகிவிட்டது. குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டி ஏப்ரலில் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. ஐட்லிங் சீராக இருக்கிறது. போன ஆகஸ்டில் அதே உட்வர்டில் நான்கு மணி நேரம் ஊர்ந்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. குதிரைத்திறன் கூடியதா என்றால் இல்லை; அதற்காக வாங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது: இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிடக் கூடாது, மாட்யூல் கருகிவிடும். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சாவியை ஆக்சஸரி பக்கம் திருப்புங்கள். பாயிண்ட் என்றால் நடுரோட்டில் உப்புத்தாள் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் போனதுதான். அதனால் பழைய பாயிண்டையும் கன்டென்சரையும் துணியில் சுற்றி, அந்த ஃபீலர் கேஜோடு டேஷ்போர்டு டப்பாவில் வைத்திருக்கிறேன்.