மாயவரமா, மயிலாடுதுறையா? கொடிவழி எழுத இரண்டு முறைகள்

குடும்பக் கொடிவழி, அதாவது வம்சாவளி, எழுத உட்கார்ந்த முதல் நாளே இந்தக் கேள்வி வந்துவிடும். பத்திரத்திலும் ஜாதகத்திலும் உள்ளதை அப்படியே எழுதுவதா, இன்றைய வழக்குக்கு மாற்றுவதா? இரண்டையும் செய்து பார்த்தேன். ஊர், பேர், தேதி மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஊருக்கு இன்றைய பெயர்தான் நல்லது. மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை எல்லாம் ஒரே ஊர். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் தனி மாவட்டம். உள்ளபடியே எழுதினால், ஒரே வீட்டில் பிறந்த தாத்தாவும் பேத்தியும் வேறு வேறு ஊர்க்காரர்களாகத் தெரிவார்கள். ஆனாலும் பழைய பெயரைக் குறிப்பில் விட்டுவையுங்கள். பழைய கிரயப் பத்திரத்தைத் தேடிப் போகிறவருக்கு ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா’தான் வழி காட்டும்.

பெயரில் இரண்டு முறைகளுமே தடுமாறும். பத்திரத்தில் ‘கோவிந்தசாமிப் பிள்ளை மகன் சுப்பிரமணியன்’, பள்ளிச் சான்றிதழில் ‘கோ. சுப்பிரமணியம்’, பாஸ்போர்ட்டில் ‘ஜி. சுப்ரமணியன்’ என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். இன்றைய மென்பொருள்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. அங்கே அப்பா பெயரைப் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை ‘குடும்பம்’ மாறிவிடும். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். சொந்தப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் முழுதாக எழுதி, ‘த/பெ’ போட்டு அப்பா பெயர். மற்ற வடிவங்களெல்லாம் குறிப்பில். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினாலும் பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பிறந்த வீட்டுக் கிளையே அறுந்துபோகும்.

தேதியில்தான் இன்றைய வழக்குக்கு மாற்றுவது பெரிய சேதம் செய்கிறது. ‘பார்த்திப வருஷம் தை மாதம்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். பார்த்திப 1945 சித்திரையில் பிறந்த ஆண்டு, ஆகவே 1945 என்று எழுதிவிடுகிறார்கள். தை மாதம் வரும்போது 1946 ஆகிவிடும். அதைவிட, தமிழ் வருஷங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அது 1886 தையாகவும் இருக்கலாம். மூலக் குறிப்பில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் இருந்தால், பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் தேதியைக் கண்டுபிடிக்க முடியும். வெறும் ‘1945’ என்று சுருக்கினால் அந்த வாய்ப்பே போய்விடும். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வரும் பசலி என்ற ஆண்டுக்கணக்கும் இப்படித்தான். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. அதை ‘1940’ என்று குறுக்கக் கூடாது.

அப்புறம், பள்ளியில் சேர்ப்பதற்காக வைத்த தேதி ஒன்று பல வீடுகளில் உண்டு. சான்றிதழில் ஜூன் மாதம் இருக்கும், பாட்டியோ ‘தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தான்’ என்பார். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவைக்கிறேன்.