கான்ட்ராக்டரோட சண்டைன்னா பஞ்சாயத்தா, ஆர்பிட்ரேஷனா, கன்ஸ்யூமர் கோர்ட்டா?

காரைக்குடி பக்கம் வீட்டு வேலைல வர்ற தகராறு முக்கால்வாசி ஒரே மாதிரிதான், சதுரடி ரேட்டுக்குள்ள சம்பும் காம்பவுண்டு சுவரும் அடக்கமா இல்லயா, சிங்கப்பூர்ல இருந்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்ல சொன்ன மாத்தத்துக்கு எக்ஸ்ட்ரா உண்டா. பழைய வீட்டு ரிப்பேர்னா இன்னும் மோசம், எந்தப் பங்காளி சொல்றத கேக்கணும்னே கொத்தனாருக்குத் தெரியாது.

பெரியவங்கள வச்சு பேசுறதுதான் முதல் வழி. செலவில்ல, வேலையும் நிக்காது. ஆனா பேசினத எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடலன்னா அடுத்த வாரமே "நான் எங்க அப்டி சொன்னேன்"தான்.

அக்ரிமென்ட்ல ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதிலா ஒரு நடுவர வச்சு தீத்துக்கிறதுன்னு ஒரு வரி இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. 1996 சட்டப்படி ரெண்டு தரப்பும் மனு, பதில் எல்லாம் குடுத்து முடிச்சதுல இருந்து 12 மாசத்துல தீர்ப்பு வரணும், பெரிய ரோடு, பாலம் வேலைக்கு சரி, நம்ம வீட்டுக்கு ஆர்பிட்ரேட்டர் ஃபீஸ பாத்தா சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

வீட்டுக்காரருக்கு என் ஓட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு. கான்ட்ராக்டருக்கு நீங்க குடுத்த காசு 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையமே (மாவட்டத்து கன்ஸ்யூமர் கோர்ட்) போதும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, நீங்களே வாதாடலாம், குடியிருக்கிற ஊர்லயே போடலாம். ஆர்பிட்ரேஷன் வரி இருந்தாலும் தடையில்ல, 2018ல எம்மார் எம்ஜிஎஃப்ங்கிற பில்டர் கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 2 வருஷத்துக்குள்ள போடணும். விரிசல பூசி மறைக்கிறதுக்கு முன்னாடி வெளி இன்ஜினியர் ஒருத்தர வச்சு போட்டோவோட ரிப்போர்ட் வாங்கிடுங்க, இதுல கோட்ட விட்டா கேஸே நிக்காது.

ஆனா பில் பாக்கிக்காக கான்ட்ராக்டர் அங்க போக முடியாது, அவருக்கு சிவில் கோர்ட்தான், பொதுவா 3 வருஷம் டைம், கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். நடுவுல லோக் அதாலத்ல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) சமாதானம் ஆனா அந்த ஃபீஸ் திரும்ப வந்துரும், அப்பீலும் கிடையாது. ரெண்டு பேருக்கும் நிம்மதி.

சிலபேர் ரெராவுக்கு (பில்டர் ப்ராஜெக்டுகள கண்காணிக்கிற ரியல் எஸ்டேட் ஆணையம்) ஓடுறாங்க, சொந்த மனையில தனக்குன்னு கட்டுற வீட்டுக்கு அது பொருந்தாது.

பங்காளி வீடுன்னா எல்லாரும் கையெழுத்து போட்டு ஒருத்தர்கிட்ட பொறுப்ப குடுத்துருங்க, அவர் எழுத்துல சொல்லாத எக்ஸ்ட்ராவுக்கு காசு கிடையாதுன்னு அட்வான்ஸ் குடுக்கிறப்பவே அக்ரிமென்ட்ல எழுதிடுங்க.