ஏஐ உதவியாளருக்கு இணைப்புக் கருவி தேட எந்தத் தளம் நல்லது? மொரீசியஸ் பயனர்களுக்கு ஓர் ஒப்பீடு

கோவில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோ போர்ட் லூயி கடையொன்றின் பில்களோ, ஏஐ உதவியாளர் தானே திறந்து படிக்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் இணைப்புக் கருவி தேவை. உதவியாளரும் வெளிக் கருவிகளும் பேசிக்கொள்ளும் பொது முறையாக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (MCP) நெறிமுறையை இன்று கிளாட், சாட்ஜிபிடி போன்ற உதவியாளர்களும் கர்சர், விஎஸ் கோட் போன்ற நிரல் எழுதும் செயலிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இந்த முறையில் எழுதிய இணைப்புக் கருவியை எம்சிபி சர்வர் என்பார்கள்; ஒரு சர்வருக்குள் பல கருவிகள் இருக்கலாம். சர்வர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே வேலைக்குப் பல சர்வர்கள் வந்து நிற்கும்போது எதை நம்பி நிறுவுவது என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் உதவியாளரின் அமைப்புகளுக்குள் இருக்கும் இணைப்புகள் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இருப்பவை குறைவு, ஆனால் ஒரு தடவையாவது சரிபார்க்கப்பட்டவை. ஜிமெயில், கூகுள் டிரைவ், நோஷன் போன்றவற்றுக்கு வெளியே தேடவே வேண்டியதில்லை. அங்கே கிடைக்காததற்குத்தான் கீழே உள்ள நான்கு தளங்கள்.

எம்சிபியின் அதிகாரபூர்வப் பதிவேடு 2025 செப்டம்பரில் முன்னோட்டமாகத் திறந்தது. அதன் பலம் பெயர்ச் சரிபார்ப்பு. ஒரு நிறுவனத்தின் இணைய முகவரிப் பெயரில் சர்வரைப் பதிய, அந்த முகவரி தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும்; நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கணக்குப் பெயரில் பதிய அந்தக் கணக்கில் நுழைய வேண்டும். வெளியிட்டவர் யார் என்பதில் குழப்பம் வராது. ஆனால் அங்கே இருப்பது விவரக்குறிப்பு மட்டுமே. நிரல் வேறிடத்தில் இருக்கிறது, அதை யாரும் அங்கே சோதித்துத் தருவதில்லை. மற்றத் தளங்கள் இந்த விவரங்களை எடுத்துக்கொள்வதற்காகக் கட்டப்பட்டதால் உலாவிப் பார்க்க வசதி குறைவு.

உலாவ ஏற்றது பல்ஸ்எம்சிபி. சேவையை நடத்தும் நிறுவனமே வெளியிட்ட சர்வரையும் வெளியார் எழுதியதையும் அது பிரித்துக் காட்டுகிறது. தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள வடிகட்டி இல்லை. குளாமா உரிமம், பாதுகாப்பு, தரம் என்று மதிப்பெண் இடுகிறது. அந்த மதிப்பெண்ணைவிட, சர்வருக்குள் இருக்கும் கருவிகளின் பட்டியலையும் விளக்கத்தையும் நிறுவுமுன்பே படிக்க முடிவதுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்மிதரி நிறுவ எளிது. பல சர்வர்களை அந்தத் தளத்தார் தங்கள் கணினியிலேயே ஓட்டித் தருகிறார்கள். அப்படி ஓட்டும்போது, சேவைக்குள் நுழையத் தரும் உங்கள் ரகசியச் சாவியும் தரவும் மூன்றாவது ஒருவர் வழியாகப் போகின்றன. வானிலை, அகராதி, பொது ஆவணம் போன்றவற்றுக்குச் சரி. கணக்கு வழக்குக்கு வேண்டாம்.

ஆகவே பல்ஸ்எம்சிபியில் தேடி, பதிவேட்டில் வெளியீட்டாளரை உறுதிசெய்து, குளாமாவில் கருவிகளைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. நட்சத்திர எண்ணிக்கையையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 2025 செப்டம்பரில் போஸ்ட்மார்க் என்ற மின்னஞ்சல் சேவையின் பெயரைத் தாங்கிய ஓர் எம்சிபி பொதி (நிறுவத்தக்க நிரல் தொகுப்பு) பிடிபட்டது. அந்த நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. முதல் 15 பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்தன, 1.0.16 பதிப்பில் ஒரே வரி சேர்ந்தது, அனுப்பும் ஒவ்வொரு மடலின் மறைநகலும் வெளியாளுக்குப் போயிற்று. இதனால்தான் நிறுவும் கட்டளையில் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். 'லேட்டஸ்ட்' (latest, அதாவது ஆகப் புதியது) என்று விட்டால், நேற்றுப் படித்துப் பார்த்த நிரலும் இன்று ஓடுகிற நிரலும் வேறாக இருக்கலாம்.

அடுத்தது கருவிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கருவியின் விளக்கமும் உரையாடலின்போது உதவியாளரின் நினைவகத்தில் இடம்பிடிக்கும். கூடக்கூடத் தவறான கருவியை எடுப்பதும் கூடும். கிட்ஹப்பின் சொந்தச் சர்வரில் கருவிகள் ஏராளம், ஆனால் வேண்டிய தொகுதிகளை மட்டும் திறக்கலாம், 'படிக்க மட்டும்' என்று பூட்டலாம். இந்த இரண்டு வசதியும் இருக்கிற சர்வருக்கே முதலிடம் கொடுங்கள். கோப்புச் சர்வர் என்றால் முழு ஆவணக் கோப்புறையையும் திறந்துவிடாமல், நகல்கள் மட்டும் உள்ள தனிக் கோப்புறையைக் காட்டுங்கள்.

தனித்தனியே பாதுகாப்பான கருவிகள் சேரும்போது ஆபத்தாகலாம். அந்தரங்கத் தரவைப் படிப்பது, வெளியார் எழுதியதைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்புவது ஆகிய மூன்றும் ஒரே உரையாடலில் கூடினால் தரவைத் திருட வழி பிறக்கிறது என்று நிரலாளர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில் எழுதினார். வந்த மடலில் மறைந்திருக்கும் ஒரு கட்டளையை உதவியாளர் உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். மூன்றில் ஒன்றையாவது அணைத்து வையுங்கள். நம் ஊரில் இதற்குச் சட்டக் கோணமும் உண்டு. மொரீசியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புவகைத் தரவாகக் கொள்கிறது; தரவை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் நிபந்தனைகள் இருக்கின்றன. காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் வெறும் தொலைபேசிப் பட்டியல் அல்ல.

நிறுவும்போது 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் சிறியது: பல சர்வர்கள் ஓடத் தேவையான நோட் (Node.js) என்ற மென்பொருள் கணினியில் இல்லை, அமைப்புக் கோப்பில் கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சியிருக்கிறது, அல்லது விண்டோஸ் பாதையில் பின்சாய்கோட்டை இரட்டிக்கவில்லை. திருத்தியபின் சாளரத்தை மூடினால் போதாது. கடிகாரத்தருகே உள்ள சின்னத்தில் வலச்சொடுக்கி முழுவதுமாக வெளியேறி மறுபடி திறக்க வேண்டும்.

நாட்காட்டிக் கருவி என்றால் நேர மண்டலத்தைச் சோதியுங்கள். பல தொலைச் சர்வர்கள் யுடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் பேசும். நாம் அதற்கு 4 மணி நேரம் முன்னால். அதிகாலை 3 மணிப் பூஜை முந்தைய நாள் இரவு 11 மணி என்று விழுந்துவிடும். மண்டலப் பெயரை 'இந்தியன்/மொரீசியஸ்' (Indian/Mauritius) என்று ஆங்கிலத்தில் தந்தால் சரியாகும்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிச் சோதனை வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த அறிவிப்புகள் எந்தச் சர்வர் வழியாகப் போனாலும் குப்பை எழுத்தாகவே வரும்; முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். 'கொ' போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் கருவி 'கொடி' என்ற கோப்பைக் கண்முன்னே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது இதனால்தான். அப்படி நேர்ந்தால் கோப்புறையைப் பட்டியலிடச் சொல்லி, அதில் வந்த பெயரையே நகலெடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.