குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: இரண்டு தீவுப் பகுதிகளின் காட்டை ஒப்பிட உதவுமா?

வேலூரில் உட்கார்ந்துகொண்டு அந்தமான் நிக்கோபாரையும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவையும் ஒப்பிட இதைவிட எளிய தளம் எனக்குத் தெரியவில்லை, காசும் கிடையாது. உலக வளக் கழகம் நடத்துவது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 2001 முதல் ஆண்டுவாரியாக மரப்போர்வை இழப்பைக் காட்டும். வரைபடத்தில் இழப்பெல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் சதுரம்.

ஆனால் அவசரப்பட்டு 'எவ்வளவு வெட்டிட்டாங்க' என்று எழுதிவிடாதீர்கள். இழப்பு என்றால் வெட்டியது மட்டுமல்ல. 2017 மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவில் சாய்த்ததும், 2004 டிசம்பர் சுனாமியில் நிலம் தாழ்ந்து நிக்கோபாரில் கடல்நீர் கொன்ற அலையாத்தி மரங்களும் இழப்புதான். 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த தோப்பும் மரப்போர்வைக் கணக்கில் வந்துவிடும், நம் பக்கத்து மலைகளில் இருக்கும் குட்டையான முட்புதர்க்காடு வராது (எனக்கு இதில்தான் கடுப்பு). அப்புறம், போர்ட்டோ ரிக்கோவில் கடந்த நூற்றாண்டில் விவசாயத்தைக் கைவிட்ட நிலங்களில் காடு திரும்ப வளர்ந்த கதை இந்த இழப்பு வரைபடத்தில் இல்லவே இல்லை, அது 2001-க்கு முந்தையது.

ஒப்பிடும்போது ஹெக்டேரை விட்டு சதவீதத்தைப் பாருங்கள், விதான அடர்த்தியை (மரக்கிளைகளும் இலைகளும் நிலத்தில் எத்தனை சதவீதத்தை மூடியிருக்க வேண்டும் என்ற அளவு) இரண்டுக்கும் ஒரே அளவில் வையுங்கள். கல்லூரி புராஜெக்ட்டுக்குத் தாராளமாகப் போதும், 5-க்கு 4 தரலாம்.